கணினிக்குள் கணினியைத் தூங்க வைக்கும் மகள்

ஹட்டனிலிருந்து எழுதிய அக்காவுக்கு,

"உயர்தரம் முடிச்ச பிள்ள ராவு முழுக்க லெப்டொப்புக்குள்ள இன்னொரு கணினிய ஓடவிட்டு அதத் தூங்க வைக்கிறதும் எழுப்புறதுமா இருக்கா, இதுல சோறு கிடைக்குமா" என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்கும் அக்கா. இன்று வங்கிகளிலும் பெரிய நிறுவனங்களிலும் ஓடும் சேர்வர்களில் நிறைய வேர்ச்சுவல் மெஷின்கள்தான், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி, அவற்றைப் பராமரிக்க ஆள் வேண்டும்.

அவள் என்ன செய்கிறாள் என்று சொல்கிறேன். இப்படி உள்ளே ஒரு கணினியை ஓட்டும் மென்பொருளான வேர்ச்சுவல்பொக்ஸில் 'சேவ் ஸ்டேட்' கொடுத்தால் வெளியே இருக்கும் கணினி உள்ளே ஓடுவதை அப்படியே நிறுத்தி, அதன் நினைவகத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடும், உள்ளே இருக்கும் லினக்ஸ் இயங்குதளத்துக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியாது. சஸ்பென்டும் ஹைபர்னேட்டும் வேறு. அங்கே உள்ளே இருக்கும் இயங்குதளமே புரோகிராம்களை நிறுத்தி, ஒவ்வொரு டிரைவரையும் (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்) தூங்கச் சொல்லி, சஸ்பென்ட் என்றால் எல்லாவற்றையும் ரேம் என்ற நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு படுக்க வேண்டும், ஹைபர்னேட் என்றால் டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைய வேண்டும். கணினியின் மின்சார நிலைகளுக்கான ஏசிபிஐ என்ற பொது விதிமுறையின் கணக்கில் இவை எஸ்3, எஸ்4. ஹொஸ்ட், அதாவது வெளியே இருக்கும் கணினி, எஸ்3ஐ உள்ளே காட்டாவிட்டால் கெஸ்ட், அதாவது உள்ளே ஓடும் கணினி, அந்த நிலைக்குப் போக முடியாது; ஹைபர்னேட்டை மட்டும் லினக்ஸ் எஸ்4 இல்லாமலும் செய்யும். இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையை நேர்முகத் தேர்வில் சும்மா அனுப்பிவிட மாட்டார்கள்.

எழுப்பிய பிறகு நெட்வேர்க் வருவதில்லை என்று அழுதாள் என்றீர்களே, அதுதான் இதில் கஷ்டமான இடம். ஹைபர்னேட்டிலிருந்து எழும்போது வெளியே அந்த மெஷின் புதிதாகத் தொடங்கியிருக்கும், வேர்ட்டியோ என்ற மென்பொருள் நெட்வேர்க் கார்டுக்குப் பழையது எதுவும் நினைவிருக்காது, டிரைவர்தான் தரவு போய்வரும் வரிசைகளை மறுபடி அமைத்துக் கொடுக்க வேண்டும். அது சரியாக நடக்காவிட்டால் கெஸ்ட் எழுந்திருக்கும், ஆனால் வெளியுலகத் தொடர்பு இருக்காது. ஹைபர்னேட் எழுதும் டிஸ்க் இடமான ஸ்வொப் போதுமா, எழுதி வைத்ததை எங்கிருந்து படிப்பது என்று இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்குச் சொல்லியிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் புதிதாக பூட் ஆகி, திறந்திருந்த வேலையெல்லாம் போய்விடும்.

இது வெறும் விளையாட்டு இல்லை. அமேசான் 2018இல், தான் இணையம் வழியாக வாடகைக்கு விடும் இசி2 மெஷின்களுக்கு ஹைபர்னேட் வசதி கொடுத்தது, ரேமில் கிடக்கும் கடவுச்சொற்களும் டிஸ்க்குக்குப் போகும் என்பதால் அந்த டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருந்தே (பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கப்பட்டிருந்தே) தீர வேண்டும் என்றது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்ததே, அப்போது பேட்டரி செத்த லெப்டொப்போடு படித்த நம் பிள்ளைகளுக்கு வேலையைப் பத்திரமாக நிறுத்தி வைப்பதன் அருமையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, கையில் ஒரு சான்றிதழும் வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி (தகவல் தொழில்நுட்ப இளமாணி) வெளிவாரிப் பட்டத்தை வீட்டிலிருந்தே படிக்கலாம், பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான், அதனால் ஆங்கிலத்தை இப்போதே பிடிக்கச் சொல்லுங்கள். நகையை அடகு வைத்துப் புது லெப்டொப் எடுக்க வேண்டாம், இருப்பதில் ரேம் கூட்ட முடியுமா என்று டவுனில் காட்டிக் கேளுங்கள். அப்புறம், ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். எந்தக் கட்டளை கொடுத்தாள், எது எழவில்லை, என்ன மாற்றியதும் எழுந்தது என்று திகதி போட்டு எழுதட்டும். பத்துப் பக்கம் நிறைந்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், அதை வைத்தே வேலைக்கு அனுப்பும் அவளுடைய சீவியை (சுயவிபரக்கோவை) எழுதத் தொடங்குவோம்.