போன் போர்டு போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்கிறார்கள். சிப் லெவல் வேலைக்குக் கொடுத்தால் ஏமாந்து போவேனா?

தண்ணீரில் விழுந்த போனை மூன்று நாள் காயவைத்துவிட்டு சார்ஜ் போட்டிருக்கிறீர்கள், உயிர் வரவில்லை. சர்வீஸ் சென்டரில், சிப்புகள் எல்லாம் உட்கார்ந்திருக்கும் போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். சிப் லெவல், அதாவது போர்டை மாற்றாமல் அதில் கெட்ட பாகத்தை மட்டும் சரிசெய்வது என்பதெல்லாம் ஏமாற்று வேலை என்று நண்பர் ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். நீங்கள் எழுதாத ஒன்றையும் நான் ஊகிக்கிறேன்: போன் போனால் போகட்டும், உள்ளே இருக்கும் படங்களுக்காகத்தான் தவிக்கிறீர்கள்.

பதினோரு வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அந்த ‘ஏமாற்று வேலை’ என்ற சொல் சுருக்கென்று தைத்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஓர் ஆராய்ச்சி மாணவி என்னிடம் ஒரு போனைக் கொண்டுவந்தார். இரண்டு வருடமாகக் காட்டில் அலைந்து பதிவு செய்த பறவைக் குரல்கள் அதில் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. ஓடையைக் கடக்கும்போது தண்ணீரில் விழுந்துவிட்டது. முதலில் போன இடத்தில் போர்டு அவுட் என்றார்கள். அடுத்த இடத்தில் ஹாட் ஏர் என்கிற சூடான காற்றுக் கருவியை வைத்துச் சூடு காட்டிவிட்டு, போனின் மூளையான சிபியு போய்விட்டது என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நான் சிப்புகளின் மேலிருக்கும் உலோக மூடியான ஷீல்டைத் திறந்தபோது, கரன்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் ஐசி சிப்பைச் சுற்றி, சால்டர் (பற்றாசு) வைக்கப் பூசும் ஃப்ளக்ஸ் பசை கருகிக் கிடந்தது. பார்த்ததும் வயிறு எரிந்தது. அந்த ஐசியில் ஒரு கோளாறும் இல்லை.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, பவர் சப்ளையிலிருந்து 4 வோல்ட் கொடுத்தேன். பவர் பட்டனைத் தொடுவதற்கு முன்பே 1 ஆம்பியருக்கு மேல் இழுத்தது. போர்டு முழுவதற்கும் கரன்ட் போகும் மெயின் லைனில் ஷார்ட், அதாவது கரன்ட் குறுக்கு வழியில் ஓடுகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்துப் பார்த்தால் சுத்தமாகப் பூஜ்யம், ஷார்ட்தான் என்று உறுதியானது. சிக்கல் இதற்குப் பிறகுதான். அந்த ஒரே லைனில் கரன்டைச் சீராக்கும் கெப்பாசிட்டர்கள் பத்துக்கணக்கில் பக்கம் பக்கமாக நிற்கும். ஒன்று ஷார்ட் ஆனாலும் மீட்டர் எல்லாவற்றையும் ஷார்ட் என்றே காட்டும். குற்றவாளி எது என்று அது சொல்லாது.

அதற்கு ஒரு வழி உண்டு. ரோசின் என்ற மரப் பிசினைச் சூடாக்கினால் வரும் புகையை போர்டின்மேல் பிடித்தேன். பனி படர்ந்ததுபோல் வெள்ளையாக ஒரு படலம் உட்கார்ந்தது. பிறகு அந்த லைனில் 1 வோல்ட்டுக்கும் கீழே வைத்து கரன்டை மெல்ல ஏற்றினேன். ஷார்ட் ஆன பாகம்தான் முதலில் சூடாகும். சார்ஜிங் ஐசியின் ஓரத்தில் ஒரே ஓர் இடத்தில் வெள்ளை உருகி, கடுகைவிடச் சின்னதாக ஒரு புள்ளி பளபளவென்று தெரிந்தது. 0.6 மில்லிமீட்டர் நீளமும் 0.3 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு கெப்பாசிட்டர். அதை எடுத்ததும் ஷார்ட் போய்விட்டது. இன்னொரு பழைய போர்டிலிருந்து அதே அளவில் ஒன்றை எடுத்து வைத்தேன்.

அதோடு முடியவில்லை. பவர் பட்டன் லைன் துரு அரித்து அறுந்திருந்தது. 0.02 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியில் ஜம்பர் போட்டு, அறுந்த இடத்தை இணைத்தேன். மூச்சு பட்டாலே கம்பி ஆடும். இரண்டு முறை கழன்று, மூன்றாம் முறைதான் பிடித்தது. பட்டனை அழுத்தியதும் கரன்ட் முள் ஏறி இறங்கி, திரையில் லோகோ வந்தது. அந்தப் பெண் முதலில் ஒரு பதிவைத்தான் போட்டுப் பார்த்தார். என் மேசையில் ஏதோ ஒரு பறவை கூவியது.

போர்டை மாற்றியிருந்தால் அந்தக் குரல்கள் போயே போயிருக்கும். இப்போதைய போன்களில் மெமரியில் இருப்பதெல்லாம் பூட்டிய நிலையில் இருக்கும், பூட்டைத் திறக்கிற சாவி சிபியுவுக்குள் இருக்கும். மெமரி சிப்பை மட்டும் பெயர்த்து எடுத்து ஒன்றும் ஆகாது. பழைய போர்டே எழுந்து நடக்க வேண்டும்.

உடனே சிலர் சண்டைக்கு வரலாம். எல்லா போர்டையும் பிழைக்க வைக்க முடியும் என்று நான் சொல்லவே இல்லை. சிபியு வெடித்தோ, போர்டின் உள்அடுக்குகள் கருகியோ வந்தால் நானும் கையை விரித்துவிடுவேன். சர்வீஸ் சென்டர் பையன்களையும் குறை சொல்லவில்லை. பெரும்பாலும் அவர்களுக்கு ஷீல்டைத் திறக்கவே அனுமதி கிடையாது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு போர்டைக் கெடுத்திருக்கிறேன். ஈயமில்லாத சால்டர் சுமார் 217 டிகிரியில்தான் உருகும் என்பதால் சூட்டைக் கூட்டிக்கொண்டே போனேன். பக்கத்தில் பசை போட்டு ஒட்டியிருந்த சிப்பின் அடியில் சால்டர் உருகிப் பிதுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அந்த போர்டை இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாக வேலை கற்க வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பழைய ரேடியோ, டிவிகளில் பலவற்றின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளேயே சர்க்யூட் வரைபடம் ஒட்டியிருக்கும். இன்று எந்தக் கெப்பாசிட்டர் எந்த லைனில் இருக்கிறது என்று பார்க்க, எங்கிருந்தோ கசிந்த கோப்புகளைத் தேடி அலைகிறோம். சில போன்களில், இன்னொரு போனிலிருந்து எடுத்த அசல் டிஸ்ப்ளேவை மாட்டினால்கூட, அசல்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரேகான் மாநிலம் 2024-இல் இப்படிப் பாகங்களைப் பூட்டி வைப்பதற்கு எதிராகச் சட்டம் போட்டது. பழுது பார்க்கிறவன் திருடன் இல்லை. அவன் கையில் வரைபடத்தைக் கொடுத்தால் குப்பைக்குப் போகிற போன் பாதியாகக் குறையும் என்பது என் நம்பிக்கை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கொடுக்கப்போகும் ஆளிடம், “ஷார்ட் எந்த லைனில் இருக்கிறது?” என்று கேளுங்கள். மீட்டரை வைத்து அளந்து பார்த்துச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். அளக்காமலே ஹாட் ஏரைக் கையில் எடுத்தால் போனை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். போன் வேண்டாம், டேட்டாதான் வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேலை செய்யும் முறையே மாறும். நாள் கடத்தாதீர்கள், ஈரம் போர்டை அரித்துக்கொண்டே இருக்கும், கரன்டும் சேர்ந்தால் இன்னும் வேகமாக அரிக்கும். அதுவரை சோதித்துப் பார்க்கிறேன் என்று மறுபடி சார்ஜரை மட்டும் செருகிவிடாதீர்கள்.