மோதி இணையும் கேலக்ஸிகளின் மேசர் அலையை (லேசர் போலப் பெருகி வரும் ரேடியோ அலை) ஹைட்ரஜன் அலை என்று தவறாக நினைக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. அதற்கு நல்ல உதாரணமே எங்கள் தென்னாப்பிரிக்காவில் கிடைத்ததுதான்.

கரூ வறண்ட நிலத்தில் 64 டிஷ்களோடு நிற்கிறது மீர்கேட் ரேடியோ தொலைநோக்கி. லடூமா என்ற ஆய்வுக்காக வானத்தின் ஒரே துண்டை அதில் 3000 மணி நேரத்துக்கு மேல் பார்க்கத் திட்டம். தேடியது ஹைட்ரஜனை. தொடங்கிய அன்று இரவு எடுத்த தரவிலேயே 1095 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அலை வலுத்து ஒரு மேடு. ஹைட்ரஜன் அலை கிளம்பும்போது 1420 மெகாஹெர்ட்ஸ், ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH மூலக்கூறு) மேசர் 1667. தூரம் கூடக் கூட இரண்டுமே இறங்கித்தான் நம்மிடம் வரும். அப்படியானால் இது கொஞ்சம் கிட்டத்து ஹைட்ரஜனா, ரொம்பத் தூரத்து ஹைட்ராக்சிலா?

டர்பனில் ஆயா வீட்டு வெள்ளிக்கிழமை பஜனையில், ஹார்மோனியத்தை ஒட்டி உட்கார்ந்து வளர்ந்தவன் நான். எனக்கு இது சுருதிக் கணக்கு. ஆயாவுக்குத் தொண்டை கட்டினால் மாமா ஒரு கட்டை இறக்கி வாசிப்பார். எல்லாச் சுரமும் ஒரே விகிதத்தில் இறங்கும், பாட்டு மாறாது. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர் காதில் ஒரே ஒரு சுரம் விழுந்தால் அது காந்தாரமா பஞ்சமமா என்று அவரால் சொல்ல முடியாது. முதலில் ஸட்ஜம் தெரிய வேண்டும்.

இங்கே ஸட்ஜத்தைக் கொடுத்தது சாதாரண ஒளி. அந்த கேலக்ஸியின் ஒளி நிறமாலையில் செம்பெயர்ச்சி, அதாவது வழியில் அலை எவ்வளவு நீண்டது என்ற அளவு, சுமார் 0.52. ஹைட்ரஜனாக இருந்தால் 0.3 அருகே இருந்திருக்கும். ஆக, ஹைட்ராக்சில்தான்.

1665 மெகாஹெர்ட்ஸில் ஹைட்ராக்சிலுக்கு இன்னொரு கோடு உண்டே, அது காட்டிக்கொடுக்காதா? பல சமயம் கொடுக்காது. இரு கோடுகளின் இடைவெளி, வேகக் கணக்கில் நொடிக்குச் சுமார் 350 கிலோமீட்டர். மோதலில் கலங்கும் வாயுவின் வேகமே அந்த அளவு இருப்பதால் இரண்டும் குழைந்துவிடும். இந்த மேட்டின் அகலம் நொடிக்குச் சுமார் 459 கிலோமீட்டர்.

மோதல் எதற்கு என்றால், அதுதான் வாயுவை மையத்துக்குத் தள்ளுகிறது. அங்கே விண்மீன்கள் மளமளவென்று பிறக்க, தூசி சூடாகி அகச்சிவப்பைக் கொட்டுகிறது. அது ஹைட்ராக்சிலை மேல் நிலைக்கு ஏற்றி வைக்க, பின்னாலிருந்து வரும் ரேடியோ அலை பெருகி வெளியே வருகிறது. 1982இல் ஆர்ப் 220 என்ற கேலக்ஸியில் முதலில் பிடிபட்டது இதுதான். மீர்கேட் கேலக்ஸியின் ஹப்பிள் படத்திலும் மோதலில் இழுபட்ட வால் தெரிகிறது. 2022இல் அறிவித்தபோது அதற்கு ங்கலகாத்தா என்று பெயர் வைத்தார்கள், ஜூலு மொழியில் 'பெரிய பாஸ்' என்று அர்த்தம். எனக்கு மிகப் பிடித்த பெயர்.

உங்கள் தரவிலும் ஒற்றை மேடு வந்தால், ஹைட்ரஜன் என்று எழுதும் முன் ஒளிச் செம்பெயர்ச்சியைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த இடத்தின் அகச்சிவப்புப் பிரகாசத்தையாவது பாருங்கள்; அது அதிகமாக இருந்தால் ஹைட்ராக்சிலோ என்று சந்தேகப்படுங்கள்.