பேட்டரிக்குப் பயப்படும் முன் ப்ளக் பாயிண்ட்டைப் பாருங்கள்

கேள்வி: மகள் கல்லூரிக்குப் போய்வர எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாம் என்று இருக்கிறோம். அவள் பாட்டி ஒரே பிடிவாதமாக வேண்டாம் என்கிறார். “நம்ம ஊரிலேயே ஒரு வீட்டில் வண்டி எரிந்து உயிர் போனதே, மறந்துபோச்சா?” என்று கேட்கிறார். என்ன சொல்வது?
– வேலூர் வாசகி

பதில்: பாட்டி இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுமுட்டி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்தக் கோடையில் வேறு ஊர்களிலும் வண்டிகள் எரிந்தன. அதன் பிறகுதான் மத்திய அரசு ஏஐஎஸ்-156 என்ற பேட்டரி பாதுகாப்பு விதியை இறுக்கியது. முதல் கட்டம் 2022 டிசம்பர் 1, இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31 முதல் அமல். அதனால் முதல் வேலை, வண்டி தயாரான மாதத்தைக் கேளுங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய பழைய ஸ்டாக்கோ செகண்ட் ஹேண்டோ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், வண்டியைப் பற்றி நூறு கேள்வி கேட்கிற நாம் அதைச் செருகப்போகிற சுவரைப் பற்றிக் கேட்பதில்லை. மொபைல் சார்ஜர் மாதிரி இல்லை இது. மணிக்கணக்கில் ஒரே சீராகக் கரண்ட் இழுக்கும். சாக்கெட்டுக்குள் பிடிமானம் தளர்ந்திருந்தால் அந்த இடம்தான் முதலில் சூடாகும். என் வீட்டிலேயே ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து ஒரு மாதம் ஓட்டினேன். ஒருநாள் ப்ளக்கை உருவியபோது துளையைச் சுற்றி டீக்கறை போலப் பழுப்பாக இருந்தது. அன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். எர்த் ஒயர் எங்குமே சேராமல் சுவருக்குள் சும்மா கிடந்தது.

ஆகவே தனி 16 ஆம்பியர் பாயிண்ட், ஒழுங்கான எர்த், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி ஸ்விட்ச். மூன்றும் சேர்ந்தாலும் வண்டி விலையில் சிறு துளிதான் செலவு. சார்ஜ் போட்டு அரை மணி கழித்து ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள். வெயிலில் ஓட்டி வந்ததும் செருகாதீர்கள், கொஞ்சம் ஆறட்டும். வண்டியோடு வந்த சார்ஜர் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இடம். நம் வீடுகளில் வண்டி நிற்பது பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே, அல்லது வாசற்கதவை ஒட்டி. அங்கே எரிந்தால் வெளியேறும் ஒரே வழியையும் புகை அடைத்துவிடும். தப்பிக்கும் வழியில் சார்ஜ் போடாதீர்கள். தூங்கும் நேரத்திலும் வேண்டாம். இந்த இரண்டுக்கும் உங்கள் வீட்டில் வசதி இருந்தால் வாங்கலாம் என்பதே என் கருத்து. பாட்டியிடம் இன்னொன்றும் சொல்லலாம்: சுவீடன் அரசின் 2022 கணக்குப்படி, ஒரு லட்சம் வண்டிக்கு இத்தனை என்று பார்த்தால் எலெக்ட்ரிக் கார்களைவிடப் பெட்ரோல், டீசல் கார்கள்தான் பல மடங்கு அதிகமாக எரிந்தன. மின்வண்டிகள் பெரும்பாலும் புதியவை என்பதும் அதற்கு ஒரு காரணம். அதை மறைக்காமலே சொல்லுங்கள்.

கேள்வி: ஐபி67 பேட்டரி என்றால் மழைவெள்ளத்தில் கவலை இல்லை என்கிறார் விற்பனையாளர். உண்மையா?
– வேளச்சேரி வாசகர்

பதில்: ஐபி67 என்பது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்குவது. தேங்கிய மழைநீரில் ஓட்டிப்போக அது போதும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பகுதியில் தண்ணீர் அரை மணியிலா வடிந்தது? மூழ்கிய வண்டியை ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், கட்டடத்தை விட்டுத் தள்ளி வெட்டவெளியில் நிறுத்தி சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள். நனைந்த பேட்டரி சில நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம்.

கேள்வி: அடுத்து ஹைட்ரஜன் கார்தான் என்கிறார்களே. எலெக்ட்ரிக் கார் வாங்காமல் இரண்டு வருடம் பொறுக்கலாமா?
– கோவை வாசகர்

பதில்: 2022 மார்ச்சில் அமைச்சர் நிதின் கட்கரி டொயோட்டா மிராய் என்ற ஹைட்ரஜன் காரில் நாடாளுமன்றத்துக்குப் போன படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காரை ஜப்பானில் 2014 முதலே விற்கிறார்கள். சில நிமிடங்களில் வாயு நிரப்பிவிடலாம், புகைக்குப் பதில் தண்ணீர்தான் வெளியே வரும். நல்ல கார்தான். ஆனால் நிரப்ப எங்கே போவீர்கள்? கலிபோர்னியாவிலேயே ஷெல் நிறுவனம் தன் கார் ஹைட்ரஜன் பங்க்குகளை 2024-இல் மூடிவிட்டது.

கணக்கும் உதைக்கிறது. 100 யூனிட் மின்சாரத்தில் பேட்டரி கார் 70-க்கு மேல் சக்கரத்துக்குக் கொண்டுபோகும். அதே மின்சாரத்தில் ஹைட்ரஜன் தயாரித்து, அழுத்தி, காருக்குள் திரும்ப மின்சாரமாக்கினால் 30 சொச்சம்தான் மிஞ்சும்.

பாதுகாப்பு? டேங்கில் 700 பார் அழுத்தம். கார் டயரில் அடிக்கும் காற்றைப்போல் சுமார் 300 மடங்கு. கார்பன் ஃபைபர் டேங்க் அதைத் தாங்கும்படி சோதித்துத்தான் வருகிறது. வாயு கசிந்தாலும் திறந்தவெளியில் சட்டென்று மேலே போய்விடும். மூடிய ஷெட்டில் அப்படி இல்லை. மணமும் கிடையாது, பகலில் சுடரும் கண்ணுக்குத் தெரியாது. 2019 ஜூனில் நார்வேயில் ஆஸ்லோவுக்கு அருகே ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடித்தது. கடைசியில் பார்த்தால் உயர் அழுத்த டேங்கை மூடும் ‘ப்ளக்’ என்ற அடைப்பானில் போல்ட்டுகள் சரியாக முறுக்கப்படவில்லை. இங்கேயும் ப்ளக்தான் பாருங்கள்!

ஹைட்ரஜன் வீண் என்று சொல்லவில்லை. டெல்லியில் 2023 முதல் சோதனைப் பேருந்துகள் வந்தன; 2025 ஜூலையில் சென்னை ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்தார்கள். ஒரே டெப்போவுக்குத் திரும்பும் பெரிய வண்டிகளுக்கு அது பொருந்தலாம். கோவையில் வீட்டுக் காருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: மூன்று வருடம் ஓடிய எலெக்ட்ரிக் கார் விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?
– திருச்சி வாசகர்

பதில்: பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை என்றால் நல்லது, அதே எடையில் கொஞ்சம் குறைவாக ஓடும், ஆனால் சூட்டை அதிகம் தாங்கும். கார்களுக்குப் பெரும்பாலும் 8 ஆண்டு பேட்டரி வாரண்டி உண்டு. அது இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா என்பதை வாரண்டி புத்தகத்திலேயே படித்துவிடுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் காரைச் சோதிக்கச் சொல்லி, பேட்டரி எத்தனை சதவீதம் ஆரோக்கியமாக இருக்கிறது என்ற அறிக்கையைக் காகிதத்தில் வாங்குங்கள். விற்பவர் அதற்கு இழுத்தடித்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.