64 டேம்பருக்குக் கையெழுத்து, 41க்குத்தான் சோதனை

கேள்வி: வில்லியனூரில் குளிர்சாதன, டக்ட் (காற்றுக் குழாய்) பராமரிப்பு வேலைகளைச் சிறிய அளவில் எடுத்துச் செய்கிறேன். புதுச்சேரிக் கடற்கரைக்கு அருகிலுள்ள ஒரு தங்கும் விடுதியில் தீப்பிடித்தால் டக்டைத் தானாக மூடும் தகடுகளான 64 ஃபயர் டேம்பர்களைப் பார்வையிட்டுச் சோதிக்க, ஒன்றுக்கு ரூ.4,500 வீதம் ஒர்க் ஆர்டர் கிடைத்தது. அவற்றில் 23 டேம்பர்களுக்கு ஆக்சஸ் டோர், அதாவது கையை நுழைத்துச் சோதிக்கும் திறப்பு, இல்லை. கீழே ஜிப்சம் சீலிங் மூடியிருக்கிறது. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும், ஒரு மாதத்தில் சீலிங்கைத் திறந்து தருகிறோம் என்று மேலாளர் வற்புறுத்தியதால், 64ம் சரியாக இயங்குகின்றன என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தேன். எட்டு மாதமாகியும் முன்பணம் ரூ.60,000 தவிர எதுவும் வரவில்லை. போனால் வாசலிலேயே காக்க வைக்கிறார்கள். மனைவியின் நகை அடகில் இருக்கிறது. மீதி ரூ.2,28,000 வராவிட்டால் உண்மையைத் தீயணைப்புத் துறையிடம் சொல்லிவிடுவேன் என்று வாட்ஸ்அப் அனுப்பினேன். வழக்குப் போடலாமா?

பதில்: நகை அடகில் இருப்பதும் வாசலில் காக்க வைக்கப்பட்டதும் உங்களுக்கு எவ்வளவு வலியைத் தந்திருந்தாலும், எந்த நீதிமன்றமும் அவற்றைக் கேட்டுக்கொண்டிருக்காது. விடுதி உங்களை ஏமாற்றியது என்பதும் இப்போதைக்கு இரண்டாம்பட்சம். சட்டத்தின் பார்வையில் உங்கள் கடிதத்தில் இருக்கும் விஷயம் ஒன்றே ஒன்று: சோதிக்காத 23 டேம்பர்களைச் சோதித்ததாக நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்.

பாக்கியை வசூலிக்கும் வழிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். வேலை முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் வழக்குத் தொடரலாம்; சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருந்தால், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு குறு தொழில்களுக்கான கவுன்சிலை அணுகி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்கவும் இடமுண்டு. ஆனால் எந்த வழியில் போனாலும், வேலை முடிந்தது என்பதற்கு நீங்கள் முதலில் நீட்ட வேண்டிய தாள் அந்தச் சான்றுதான். அதில் இருப்பது உண்மை என்று பிரமாணத்தின் மீது சொன்னால் அது பொய்ச் சாட்சியம். உண்மையல்ல என்று சொன்னால் வழக்கின் அடித்தளமே போய்விடும். மூடிய ஜிப்சம் சீலிங்குக்கு மேலே இருந்த டேம்பருக்கு எந்த வழியாகக் கையை நுழைத்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் ஒரே கேள்வியில் குறுக்கு விசாரணை முடிந்துவிடும்.

நீங்கள் சோதித்த 41இலும் சிக்கல் இருக்கிறது. இந்தக் கேள்வியோடு எனக்கு அனுப்பிய குறிப்பேட்டு நகலில், இரண்டாம் தளத்து டேம்பர் ஒன்றுக்கு எதிரே, 'இறங்கல, துரு, ஆயில் போட்டு மூணாவது தடவ இறங்கிச்சு' என்று பென்சிலில் எழுதியிருக்கிறீர்கள். இதே போல் இன்னும் இரண்டு உண்டு. கடற்காற்று படும் கட்டடத்தில் தகடும் ஸ்பிரிங்கும் துருப்பிடிப்பது வழக்கம்தான். ஆனால் டேம்பரைத் திறந்த நிலையில் பிடித்திருக்கும் ஃபியூசிபிள் லிங்க் சுமார் 72 டிகிரி செல்சியஸில் உருகும்போது, எண்ணெய் விட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்க அங்கே யாரும் நிற்கப்போவதில்லை. முதல் முறையே முழுவதும் மூடாத டேம்பர் சோதனையில் தோற்றது என்றும், பிறகு சரிசெய்யப்பட்டது என்றும் இரண்டு தனிப் பதிவுகள் இருந்திருக்க வேண்டும். உங்கள் ஒர்க் ஆர்டர் தீத்தடுப்புக் கதவுகள், டேம்பர்களுக்கான அமெரிக்கத் தரமான என்.எஃப்.பி.ஏ. 80ஐக் குறிப்பிடுகிறது. அந்தத் தரம் ஒவ்வொரு டேம்பரின் இடம், சோதித்த தேதி, சோதித்தவர் பெயர், கண்ட குறைகள் ஆகியவற்றைப் பதிவு செய்யச் சொல்கிறது. 'அனைத்தும் சரி' என்ற ஒற்றை வரி அதற்கு ஈடாகாது.

இப்போது நான் உண்மையில் அஞ்சும் இடத்துக்கு வருகிறேன். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் நடந்த தீ விபத்தில் 59 பேர் இறந்தனர். பெரும்பாலோர் மூச்சுத் திணறித்தான் இறந்தனர். கட்டடத் தீயில் புகைதான் முதலில் கொல்கிறது. தீயும் அதோடு புகையும் அறைக்கு அறை டக்ட் வழியாகப் பரவாமல் தடுப்பதே டேம்பரின் வேலை. அந்த விடுதியில் நாளை ஓர் உயிர் போனால், காவல்துறை கேட்கும் முதல் ஆவணங்களில் உங்கள் லெட்டர்ஹெட்டும் இருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது இரண்டு ஆண்டுகளாக இருந்தது. பொய்ச் சான்று வழங்குவதற்கான, சன்ஹிதாவின் 234ஆம் பிரிவு தனியார் ஒப்பந்தக்காரரின் தாளுக்குப் பொருந்துமா என்பதில் வாதிட இடமுண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாதத்தை ஜாமீன் மனுவில் வைக்கும் நிலைக்கு நீங்கள் போகக் கூடாது. மேலாளர் வற்புறுத்தினார் என்பது அவரையும் உங்களோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்டவராக்குமே தவிர, உங்களை வெளியே விடாது.

அடுத்து அந்த வாட்ஸ்அப். நியாயமான பாக்கியைக் கேட்பது குற்றமாகாது. ஆனால் 41 டேம்பருக்கு ரூ.1,84,500, முன்பணம் போக உங்களுக்கு வர வேண்டியது ரூ.1,24,500 மட்டுமே. நீங்கள் கேட்டதோ ரூ.2,28,000. செய்யாத வேலைக்கான ரூ.1,03,500ஐயும் சேர்த்து, புகார் கொடுப்பேன் என்ற மிரட்டலோடு கேட்டிருக்கிறீர்கள். அச்சுறுத்திப் பணம் பறித்தல் என்று அதே சன்ஹிதாவின் 308ஆம் பிரிவின் கீழ் அவர்கள் முந்திக்கொண்டு புகார் கொடுத்தால், அந்த ஒரு செய்தியே அவர்களுக்குப் போதும். தண்டனை ஏழு ஆண்டுகள் வரை. நேர்மையான ஒப்பந்தக்காரர்கள் விழுந்து நான் அதிகம் பார்த்த குழி இதுதான். இனி ஒரு செய்தியும் அனுப்பாதீர்கள். அனுப்பியதை அழிக்கவும் வேண்டாம்.

அழிப்பதைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. கடலூரில் லிஃப்ட் பராமரிக்கும் கட்சிக்காரர் ஒருவர், தகராறு வந்ததும் ஓராண்டுப் பதிவேட்டை ஒரே இரவில் அழகாக எழுதி என்னிடம் கொண்டுவந்தார். பன்னிரண்டு மாதங்களும் ஒரே மையில் இருந்தன. அதைவிட, நோட்டின் அட்டையில் அச்சான ஆண்டு முதல் பதிவின் தேதிக்கு அடுத்த ஆண்டாக இருந்தது. அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய மறுத்துவிட்டேன். உப்ஹார் வழக்கிலும் சான்றாவணங்களைச் சிதைத்த குற்றத்துக்காக 2021 நவம்பரில் திரையரங்க உரிமையாளர்களுக்குத் தனியாக ஏழு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது அனுபவித்த காலமாகக் குறைக்கப்பட்டது என்பது வேறு விஷயம். 'ஆக்சஸ் இல்ல' என்று 23 இடங்களில் பென்சிலில் கிறுக்கிய அழுக்கான அந்தக் குறிப்பேடுதான் 41 டேம்பருக்கு நீங்கள் உழைத்ததற்குச் சாட்சி. அதைப் படியெடுத்து அழகுபடுத்தாமல், அப்படியே ஓர் உறையில் போட்டு வையுங்கள்.

வழக்குப் போடாதீர்கள். முதலில் திருத்தக் கடிதம் ஒன்றை, இன்றைய தேதியிட்டு, வழக்கறிஞர் ஒருவர் துணையோடு எழுதுங்கள். எந்த 41 சோதிக்கப்பட்டன, அவற்றில் எந்த மூன்று முதலில் மூடவில்லை, எந்த 23ஐ அணுக இயலவில்லை என்பதை எண் வாரியாகச் சொல்லி, முந்தைய சான்றைத் திரும்பப் பெறுவதாக முடியுங்கள். டேம்பர்களைப் பராமரிக்கவும் சோதிக்கவும் மாற்றவும் இயலும்படி அமைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டடக் குறியீடு, நான்காம் பகுதியில் சொல்வதைச் சுட்டி, சீலிங்கைத் திறந்து தந்தால் மீதியை அதே விலைக்குச் சோதித்துத் தருவதாகவும் எழுதலாம். பாக்கியைப் பற்றியோ மேலாளரைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் வேண்டாம். விடுதிக்கும் தீயணைப்புத் துறைக்கும் ஒரே நாளில், ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். இது என் குற்றத்தை நானே ஒப்புக்கொள்வதாகாதா என்று கேட்பீர்கள். ஓரளவு ஆகும், ஆனால் தீ விபத்துக்கு முன் வந்த திருத்தத்துக்கும் பின் வந்த விளக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை எந்த நீதிபதியும் அறிவார்.

பணப் பேச்சு அதற்குப் பிறகு, தனியாக. திருத்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றால் முழுத் தொகையும் தருகிறோம் என்று அவர்கள் இறங்கி வரக்கூடும். அதற்கு ஒப்பவே ஒப்பாதீர்கள், அத்தகைய உடன்பாடு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி செல்லாது என்பதோடு உங்களைப் பழைய குழியிலேயே தள்ளும். ரூ.1,24,500 கேளுங்கள், ஒரு லட்சத்துக்கு முடித்துக்கொள்ளலாம் என்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ரசீதில் '41 டேம்பர்களுக்கு' என்று எண் போட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.