வைகை அணையைச் சுற்றி 180 கிலோமீட்டர்: வெயிலைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

கேள்வி: மதுரை ஆனையூரில் இருக்கிறேன், வயது 36. ஞாயிறுதோறும் ரோடு சைக்கிளில் அழகர்கோயில் போய்த் திரும்புவேன், 45 கி.மீ. வரும். ஒரே நாளில் வைகை அணையைச் சுற்றிவிட்டு மதுரைக்கே திரும்ப ஆசை. எந்த வழி, எந்த மாதம், எப்படித் தயாராவது?

பதில்: ஒரு சின்ன ஏமாற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டியே சுற்றிவரச் சாலை கிடையாது. அணையை நெருங்கிச் சுற்ற வேண்டுமென்றால் ஆண்டிபட்டி, தேனி, பெரியகுளம், ஜெயமங்கலம், அணை, மறுபடி ஆண்டிபட்டி என்று 60 கி.மீ. வட்டம் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்பது பெரிய வட்டம்: மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, சோழவந்தான், மதுரை. ஏறத்தாழ 180 கி.மீ. இதில் அணை உங்களுக்கு வலப்பக்கம் எங்கோ தள்ளி இருக்கும். அணையையும் பார்த்தே தீருவேன் என்றால் ஆண்டிபட்டியில் இருந்து போய்வர 14 கி.மீ. கூடும். அன்றைக்கு வேண்டாம் என்பேன்.

ஏற்றத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் வருகிறது. வளைவுகள் உண்டு, ஆனால் கொடைக்கானல் மலைச்சாலை மாதிரி மணிக்கணக்கில் ஏறாது. ஆளைத் தேய்ப்பது அதற்கு முந்தைய பகுதிதான். செக்கானூரணியில் இருந்தே சாலை கண்ணுக்குத் தெரியாமல் ஏறிக்கொண்டே போகும். 'இன்றைக்கு ஏன் வேகமே வரவில்லை' என்று நினைத்து அழுத்தி மிதித்தால் கணவாய்க்கு முன்பே கால் தீர்ந்துவிடும். கியரைக் குறைத்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே போகிற வேகத்தில் போங்கள்.

இந்தச் சுற்றில் உண்மையான எதிரி வெயில். பகல் 12 மணிக்கு எந்த ஊரில் இருக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். என் கணக்கு இது. காலை 4 மணிக்குக் காளவாசல். 6 மணி வாக்கில் உசிலம்பட்டி. ஏழேகாலுக்கு ஆண்டிபட்டி, அங்கே இட்லி. ஒன்பது மணிக்குள் தேனி, பத்து மணிக்கு முன்னால் பெரியகுளம், பதினொன்றரைக்கு வத்தலக்குண்டு. அங்கே சாப்பிட்டுவிட்டு மூன்று மணி வரை நகரக்கூடாது. மண்டபமோ மரத்தடியோ, கிடைத்த இடத்தில் காலை நீட்டுங்கள். மீதி 60 கி.மீ. சாயங்காலத்துக்கு. நேரக் கெடு வைத்து, வழியில் அட்டையில் முத்திரை குத்தும் 'பிரெவே' என்ற நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களில், 200 கி.மீ.க்குச் சாப்பாடு, பங்சர் எல்லாம் சேர்த்துப் பதின்மூன்றரை மணி நேரம் தருவார்கள். உங்களுக்கு யாரும் முத்திரை குத்தப் போவதில்லை, அந்த அவசரம் எதற்கு?

திசை ஏன் இப்படி? எதிர்த்திசையில் போனால் இருட்டில் மேலக்கால், சோழவந்தான் கிராமச் சாலைகளும் நாய்களும். உச்சி வெயிலில் கணவாய். வலம் வந்தால் இருட்டில் ஓட்டுவது தேனி நெடுஞ்சாலை. ஓரம் அகலமாக இருக்கும், அந்த நேரத்தில் வண்டியும் குறைவு. இன்னொன்று, வத்தலக்குண்டுக்கு முன்னால் கொடைக்கானல் மலைச்சாலை பிரிகிறது. சனி, ஞாயிறு காலையில் அங்கே சுற்றுலா வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். முடிந்தால் வாரநாளில் ஒரு லீவு போடுங்கள்.

மாதம்: தை பாதிக்கு மேல், மாசி முடிவதற்குள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வரும் மேல்காற்று ஆண்டிபட்டி, தேனிப் பக்கம் நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அங்கே காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும் என்பது உண்மைதான், ஆனால் அதை நம்பிப் போனவர்கள் தேனிக்குள் பாதி செத்துவிடுவார்கள். மாசியில் சாயங்காலம் லேசான கீழ்க்காற்று எதிரே வரும், சமாளிக்கலாம். தைத் தொடக்கத்திலேயே கிளம்புவதானாலும் பொங்கல் மூன்று நாட்களைத் தவிருங்கள். பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக் கூட்டம் சுற்றுச் சாலைகளிலும் இருக்கும்.

பயிற்சிக்கு எட்டு வாரம் போதும். ஞாயிறு தூரத்தை 60, 75, 90 என்று ஏற்றி, நாலாவது வாரம் 60-க்கு இறக்குங்கள். உடம்பு தேறுவது அந்த வாரத்தில்தான். அப்புறம் 100, 120, 130. கடைசி வாரம் அழகர்கோயில் மட்டும். அந்த 120-ஐ மதுரை, ஆண்டிபட்டி போய்த் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள், அதே 4 மணிக்கு. விளக்கு வெளிச்சம் போதுமா, சீட் வலிக்கிறதா, கணவாய்க்கு உங்கள் கியர் சரியா, எல்லாம் அன்றே தெரிந்துவிடும்.

சாப்பாட்டில் ஒரே விதி: பசிக்கும் முன்பே சாப்பிடுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். வாழைப்பழமும் கடலைமிட்டாயும் இதற்குப் போதும், விலை உயர்ந்த எனர்ஜி ஜெல் தேவையில்லை. தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் போகும் சோடியம் குறைவு. அதனால் உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ கூட வேண்டும். காலையில் பூரி, வடை, பரோட்டா வேண்டாம். ஜிகர்தண்டா வீடு திரும்பிய பிறகு.

பங்சருக்குக் காரணம் பெரும்பாலும் சீமைக்கருவேல முள். டியூபை மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். முனை ஒடிந்து உள்ளேயே நிற்கும், புது டியூபும் பத்து நிமிடத்தில் போகும். உங்கள் சைக்கிளின் ஒல்லி டியூப் வழியில் உள்ள கடைகளில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். இரண்டு டியூப், ஒட்டும் சாமான், பம்ப் கையில் இருக்கட்டும். சட்டகம் இடம் கொடுத்தால் 28 மி.மீ. டயர் போடுங்கள்.

நிலக்கோட்டையில் இருந்து நாலுவழிச் சாலையைப் பிடித்தால் சீக்கிரம் வரலாம். எனக்குப் பிடித்தது அணைப்பட்டி, சோழவந்தான் வழி. வைகையை ஒட்டிய பாதை, தென்னந்தோப்பு நிழல். சோழவந்தானில் இருந்து மேலக்கால் ரோடு பிடித்துக் கோச்சடைக்கு வருவதற்குள் இருட்டிவிடும். அதனால் காலையில் எரித்த விளக்கை வத்தலக்குண்டில் மறக்காமல் சார்ஜ் போடுங்கள்.

பெரியகுளத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். மணி பத்தரையைத் தாண்டியிருந்தால், அல்லது தலை சுற்றல், குமட்டல், வியர்வை நிற்பது மாதிரி ஏதாவது இருந்தால், அன்றைய சவாரி அங்கேயே முடிந்தது. நிழலில் உட்கார்ந்து உடம்பை நனையுங்கள். தெளியவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். தெளிந்துவிட்டால் ஒரு குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) பிடித்துச் சைக்கிளை ஏற்றி ஊர் திரும்பலாம். வாடகைப் பணத்தைக் கிளம்பும்போதே தனியாக எடுத்து வையுங்கள்.