அந்தப் 12 எப்படி வந்தது?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு எல்லாம் தடுமாறாமல் வரும். இயற்கணிதம் என்றால் மட்டும் அழுகை. 3எக்ஸ் + 7 = 22 என்ற கணக்குக்கு எக்ஸ் = 12 என்று எழுதியிருக்கிறாள். நான் போட்டுக் காட்டினால் "புரிஞ்சிடுச்சு" என்கிறாள், மறுநாள் அதே தப்பு. இது கவனக்குறைவா? தினமும் நான் கூடவே உட்கார வேண்டுமா?

பதில்: கவனக்குறைவு இல்லை. அந்தப் 12 எப்படி வந்தது என்று பாருங்கள். 7-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய் 22 − 7 = 15 என்று சரியாகவே போட்டிருப்பாள். மிச்சம் 3எக்ஸ் = 15. அப்புறம் 3-ஐயும் அதே மாதிரி அந்தப் பக்கம் அனுப்பி, 15 − 3 = 12. 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்று யாரோ சொன்னதை, பாவம், அப்படியே கேட்டிருக்கிறாள். நானும் அதையே பல பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தவன்தான். இப்போது விட்டுவிட்டேன்.

இன்னொரு குழப்பமும் இதில் ஒளிந்திருக்கிறது. இதுவரை அவள் படித்த எண்கணிதத்தில், பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் கூட்டல் என்று பொருள். 35 என்றால் முப்பதும் ஐந்தும். மூன்றரை என்றால் மூன்றும் அரையும். திடீரென்று 3எக்ஸ் என்றால் மட்டும் பெருக்கல்! குறியும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கொஞ்ச நாளைக்கு 3 × எக்ஸ் என்று முழுதாகவே எழுதட்டும். பெருக்கல் கண்ணில் பட்டால், அதை நீக்க வகுக்க வேண்டும் என்பது தானாகத் தோன்றும்.

ஒரு சின்ன சோதனை வைத்துப் பாருங்கள். 8 + 4 = □ + 5. கட்டத்துக்குள் என்ன வரும்? 7 என்றால் சரி. 12 என்றோ 17 என்றோ சொன்னால், சமக்குறியை 'இதோ விடை வருகிறது' என்ற அறிவிப்பாக அவள் படிக்கிறாள் என்று அர்த்தம். கால்குலேட்டரில் அந்தப் பொத்தான் அப்படித்தானே வேலை செய்கிறது! 1557-இல் ராபர்ட் ரெக்கார்ட் என்ற கணித அறிஞர் இந்தக் குறியை அச்சில் கொண்டுவந்தபோது, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறு இல்லை என்றுதான் காரணம் சொன்னார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவு, அவ்வளவுதான்.

ஆகவே 'கொண்டுபோவது', 'அனுப்புவது' எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். இரண்டு பக்கத்திலும் 7-ஐக் கழித்தேன், இரண்டு பக்கத்தையும் 3-ஆல் வகுத்தேன் என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதட்டும். நீளமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, பழகியதும் தானே சுருங்கிவிடும்.

விடை வந்ததும் அதை முதல் வரியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 12 போட்டால் 36 + 7 = 43, 22 வரவில்லை. 5 போட்டால் 15 + 7 = 22. தப்பை அவளே பிடித்துவிடுவாள், நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாதிச் சண்டை அங்கேயே குறையும்.

கூட உட்காருங்கள், ஆனால் பென்சில் அவள் கையிலேயே இருக்கட்டும். "இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தே?" என்று மட்டும் கேளுங்கள். சரியாகப் போட்ட கணக்குக்கும் இதையே கேளுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் கேட்டாலே தப்பு என்று புரிந்துகொண்டு அழிக்க ஆரம்பித்துவிடுவாள். இருபது கணக்கை ஓட்டமாக முடிப்பதைவிட ஐந்தை இப்படிப் பேசிக்கொண்டே போட்டால் போதும்.

இது பழகியதும் 5 − (எக்ஸ் − 2) = 9 என்பதைக் கொடுத்துப் பாருங்கள். விடை −2. அவளுக்கு −6 வந்தால், வெளியே இருக்கும் கழித்தல் குறியை எக்ஸுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, உள்ளே இருந்த −2-ஐ +2 ஆக்க மறந்திருக்கிறாள்.