குறட்டை விட்டா நல்லா தூங்குறாங்கன்னு அர்த்தமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயசு. தலையணைல தலை வச்ச உடனே குறட்டை, பக்கத்து ரூம் வரைக்கும் கேட்கும். நடுவுல சத்தம் சுத்தமா நின்னுடும், மூச்சு வருதான்னு நான் எழுந்து உட்கார்ந்து பார்ப்பேன், அப்புறம் மூச்சு முட்டுன மாதிரி ஒரு இழுப்பு இழுத்துட்டு மறுபடியும் குறட்டை. 8 மணி நேரம் தூங்கியும் காலைல தலைவலி, உட்கார்ந்த இடத்துல தூங்கிடுறார். பிபிக்கு ரெண்டு மாத்திரை போட்டும் கட்டுக்குள்ள வரல. கேட்டா "நான் நல்லாத்தான் தூங்குறேன், நீதான் சும்மா பயப்படுற"ங்கிறார்.

பதில்: நீங்க பயப்படுறதுல நியாயம் இருக்குமா. அவரும் பொய் சொல்லல, அவருக்கு நிஜமாவே தெரியாது. நீங்க சொல்ற அத்தனையும் ஸ்லீப் ஆப்னியாவைத்தான் காட்டுது. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை ஒட்டிக்கும், நெஞ்சு மூச்சை இழுக்கப் பார்க்கும் ஆனா காத்து உள்ள போகாது, ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கும், உடனே மூளை அலறியடிச்சு அவரை ஒரு சில செகண்ட் முழிக்க வைக்கும். அந்த இழுப்பு சத்தம் அதுதான். அவ்ளோ சின்ன முழிப்பு காலைல ஞாபகம் இருக்காது, அதனாலதான் 8 மணி நேரம் தூங்குனேன்னு நம்புறார்.

மூச்சு 10 செகண்டாவது நின்னா அதை ஒரு தடவைன்னு கணக்கு வைப்பாங்க, முழுசா நிக்காம காத்து ரொம்பக் குறையுறதையும் கூடவே எண்ணுவாங்க. ஒரு மணி நேரத்துக்கு 5 தடவைக்கு மேல போனாலே கவனிக்கணும், 15 வந்தா மிதமானது, 30ஐத் தாண்டிட்டா தீவிரம். ஒவ்வொரு தடவையும் அட்ரினலின் ஏறி ரத்த அழுத்தம் எகிறும், ராத்திரி முழுக்க இப்படி நடந்தா பகல்ல போடுற பிபி மாத்திரை எப்படிங்க வேலை செய்யும்? இதயத்துடிப்பு தாறுமாறாகறது, ஸ்ட்ரோக், சுகர் எல்லாத்தோடயும் இதுக்குத் தொடர்பு உண்டு. ராத்திரி ரெண்டு மூணு தடவை யூரினுக்கு எழுந்துக்கிறாரான்னும் கவனிங்க, அதுக்கும் இது ஒரு காரணமா இருக்கலாம், பல பேர் சுகர்னு மட்டும் நினைச்சு விட்டுடுறாங்க.

நீங்க செய்ய வேண்டியது, அந்தக் குறட்டையும் நடுவுல நிக்கிற இடமும் வர்ற மாதிரி போன்ல ஒரு வீடியோ எடுங்க, அதை அவர்கிட்டயே காட்டுங்க, அப்புறம் இ.என்.டி. டாக்டர்கிட்டயோ நுரையீரல் டாக்டர்கிட்டயோ காட்டி, தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் அளந்து பார்க்கிற ஸ்லீப் ஸ்டடி பண்ணச் சொல்லுங்க. உறுதியானா பெரும்பாலும் சிபாப் மெஷின் சொல்வாங்க, மாஸ்க் வழியா காத்தை லேசா அழுத்தி அனுப்பி தொண்டை மூடாம வச்சுக்கும். 1981ல ஆஸ்திரேலியா டாக்டர் காலின் சல்லிவன் இதைக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி, தீவிரமா இருந்தவங்களுக்குக் கழுத்துல துளை போடுறதுதான் வழியா இருந்துச்சு. ஆரம்பத்துல மாஸ்க் தொந்தரவாத்தான் இருக்கும், அதுக்காகத் தூக்கி மூலைல வச்சிடாதீங்க, வேற சைஸ் மாத்திக் கேளுங்க. எடை குறைச்சா, ஒருக்களிச்சுப் படுத்தா நிறைய பேருக்குக் குறையும். மது வேண்டவே வேண்டாம், டாக்டரைக் கேக்காம தூக்க மாத்திரையும் கூடாது, ரெண்டும் தொண்டையை இன்னும் தளர்த்திடும். ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றேன், பகல்ல இப்படி கண்ணு சொக்குறது நிக்கிற வரைக்கும் அவரை வண்டி ஓட்ட விடாதீங்க.

கேள்வி: 4 மாசமா தூக்கமே இல்ல. 9 மணிக்கே படுத்தாலும் 2 மணி வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிட்டு இருக்கேன். தோழி ஒரு மாத்திரை பேர் சொன்னா, வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம்மா. வாரத்துல 3 ராத்திரியாவது இப்படின்னு 3 மாசம் தாண்டிட்டா அது நாள்பட்ட தூக்கமின்மை, அதுக்கு முதல் சிகிச்சையா டாக்டர்கள் சொல்றது மாத்திரை இல்ல, தூக்கத்தைக் கெடுக்கிற நினைப்பையும் பழக்கத்தையும் மாத்துற சிபிடி-ஐங்கிற பயிற்சி. சீக்கிரம் படுத்தா தூக்கம் வரும்னுதான் எல்லாரும் நினைக்கிறோம், ஆனா முழிச்சுக்கிட்டே படுத்திருக்கப் படுத்திருக்க, படுக்கைன்னாலே கவலைப்படுற இடம்னு மூளை பழகிடுது. அதனால கண்ணு சொக்குற வரைக்கும் படுக்கப் போகாதீங்க, படுத்தும் ரொம்ப நேரம் வரலைன்னா எழுந்து வெளிச்சம் கம்மியா இருக்கிற இடத்துல போய் உட்காருங்க, தூக்கம் வந்தப்புறம் திரும்பி வாங்க. எத்தனை மணிக்குத் தூங்குனாலும் எழுந்துக்கிற நேரம் மட்டும் தினமும் ஒண்ணா இருக்கட்டும், ஞாயித்துக்கிழமையும்தான். முதல் ஒரு வாரம் கஷ்டமா இருக்கும், அதுல மனசு விட்டுடாதீங்க. காபி குடிச்சா 5 மணி நேரம் கழிச்சும் அதுல பாதி உடம்புல சுத்திட்டு இருக்கும், மத்தியானத்தோட நிறுத்திடுங்க. கடிகாரத்தைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துல வைங்க. மனசு எப்பவும் பாரமா இருக்கு, எதுலயும் பிடிப்பு இல்லைன்னா அதையும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

கேள்வி: படுத்தா கால்ல ஏதோ ஊர்ற மாதிரி இருக்கு, ஆட்டினாதான் நிக்குது. சத்துக் குறைவா?

பதில்: இருக்கலாம். ராத்திரில அதிகமாகி நடந்தா குறையுதுன்னா அதுக்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்னு பேரு, உடம்புல இரும்புச்சத்து கம்மியா இருக்கிறவங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நிறைய வரும். ஹீமோகுளோபின் நார்மலா இருந்தாலும், உடம்புல இரும்பு எவ்ளோ சேமிப்புல இருக்குன்னு காட்டுற ஃபெரிட்டின் டெஸ்டும் சேர்த்து எடுங்க. ரிசல்ட் பார்த்துட்டு டாக்டர் சொன்னா மட்டும் இரும்பு மாத்திரை போடுங்க, தேவையில்லாதவங்களுக்கு அது கெடுதல்.